செராமிக்ஸ் ஆர்ட்டிஸ்ட் யூனிவர்சிட்டி வேலைக்குப் போனா சொந்த வேலை மிஞ்சுமா?

செராமிக்ஸ்ல மாஸ்டர்ஸ் முடிக்கப் போறேன், யூனிவர்சிட்டில சொல்லிக் கொடுத்துக்கிட்டே ஆர்ட்டிஸ்டாவும் இருக்க முடியுமா, அந்த வேலை எப்படிக் கிடைக்கும், அதுல மேல எப்படிப் போறதுன்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில மட்டும் "வாத்தியாராவே முடிஞ்சிடுவேனோன்னு பயமா இருக்கு"ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா தெரியுது, மத்தது எல்லாம் அதைச் சுத்தி வந்தது. அதனால அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்றேன். நான் ரொம்ப வருஷமா ஒரு ஆர்ட் டிபார்ட்மென்ட்ல செராமிக்ஸ் எடுத்துக்கிட்டிருக்கேன், வேலைக்கு ஆள் எடுக்கிற கமிட்டியிலயும் உட்கார்ந்திருக்கேன். செராமிக் இன்ஜினியரிங், டைல்ஸ் ஃபேக்டரி, சானிட்டரிவேர் அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் கிடையாது, அதனால இங்க சொல்றது எல்லாம் ஸ்டூடியோ பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சம்பளம் நாட்டுக்கு நாடு ரொம்ப மாறும், பொதுவா ஒரு நம்பர் சொன்னா யாருக்கும் உதவாது, அதை விட்டுடறேன்.

முடியுமான்னா, முடியும். நிறைய பேர் முடிச்சுக் காட்டியிருக்காங்க. ஆனா அது திறமையையோ மன உறுதியையோ பொறுத்த விஷயம்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நீங்க செய்யற வேலை எந்த மாதிரி வேலைங்கிறதைத்தான் அது பொறுத்திருக்கு. ஏன்னா மண்ணுக்குன்னு ஒரு நேரம் இருக்கு, யூனிவர்சிட்டிக்குன்னு ஒரு டைம்டேபிள் இருக்கு, இது ரெண்டும் தானா ஒத்துப்போகவே போகாது. பெயின்டிங் பண்றவங்க பிரஷ்ஷைக் கழுவி வச்சிட்டு கிளாஸுக்குப் போயிட்டு மறுநாள் அதே இடத்துல இருந்து தொடரலாம். எழுதறவங்களும் அப்படித்தான். மண்ணு நீங்க போனதும் காய ஆரம்பிச்சிடும், உங்களுக்காக நிக்காது.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதை யாரும் மாஸ்டர்ஸ் படிக்கும்போது சொல்றதில்ல. அப்ப ஸ்டூடியோவே வீடு மாதிரி, ராத்திரி பதினொரு மணிக்கும் போய், மண்ணு காயாம இருக்க மூடின பாலிதீனைத் தூக்கிப் பார்க்கலாம். வேலைக்கு வந்ததும் என்ன ஆகும்னா, காலையில கொஞ்சம் நேரம் கிடைக்குது, சக்கரத்துல உட்கார்ந்து ஒரு வரிசை ஜக் வனையறீங்க. கைப்பிடி ஒட்டறதுக்கு ஒரு பதம் இருக்கு, விரலால அழுத்தினா வடிவம் குலையக்கூடாது, ஆனா நகம் பதியணும், பாதி காஞ்ச நிலை. அந்தப் பதம் அன்னைக்கு சாயங்காலம் மூணு நாலு மணிக்கு வரும், காத்து காஞ்சதா இருந்தா அதுக்கும் முன்னாடியே வரும். அந்த நேரத்துல நீங்க முதலாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு மண்ணைச் சக்கரத்துல நடுவுல நிறுத்தறது எப்படின்னு காட்டிக்கிட்டிருப்பீங்க. கிளாஸ் முடிஞ்சதும் ஒரு மீட்டிங். வந்து பார்த்தா விளிம்பு வெளுத்துப் போயிருக்கும், அடி மட்டும் ஈரமா இருக்கும். இப்ப கைப்பிடி ஒட்டினா ஒட்டும், பார்க்கவும் நல்லா இருக்கும், காயும்போது ஒட்டுன இடத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விடும், ஏன்னா கைப்பிடி இனிமேதான் சுருங்கப் போகுது, ஜக் ஏற்கனவே பாதி சுருங்கியாச்சு. ஸ்டோன்வேர் மண்ணு (அதிக சூட்டுல சுடற வகை) ஈரத்துல இருந்து கடைசி சூளை வரைக்கும் மொத்தமா பத்து பன்னெண்டு சதவீதம் சுருங்கும், அதுல நல்ல பாதி காயும்போதே நடந்துடுது.

இதுக்கு வழி இருக்கு. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா அடியில பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி கெட்டியானதும் அதைத் தண்ணி குடிக்க வச்சு, உள்ள பானையை வச்சு மூடினா நாள்கணக்குல அதே பதத்துல நிக்கும். இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான். ஆனா பெரிய வேலைக்கு அப்படி டப்பா கிடையாது, நாலு அடி உயரத்துக்குக் கயிறு கயிறா அடுக்கி எழுப்பற உருவத்துக்கு, ஒவ்வொரு அடுக்கும் மேல வர்றதைத் தாங்கற அளவுக்கு இறுகணும், ஆனா புது மண்ணு பிடிக்கிற அளவுக்கு ஈரம் இருக்கணும், அதை நீங்கதான் பக்கத்துல இருந்து பார்க்கணும். ஆக என்ன நடக்குதுன்னா, டீச்சிங்ல நீடிச்சு நிக்கிற ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொருத்தரும், தெரிஞ்சோ தெரியாமலோ, தன் வேலையை நடுவுல நிறுத்தி நிறுத்திச் செய்யற மாதிரி மாத்திக்கிறாங்க. சில பேர் லீவுல மட்டும் மண்ணைத் தொட்டு, செமஸ்டர்ல கிளேஸ் (பானை மேல பூசிச் சுடற கண்ணாடி மாதிரிப் பூச்சு) டெஸ்ட்டும் வரையறதும் பண்ணுவாங்க. சில பேர் அச்சுல ஊத்தி எடுக்கிற வேலைக்கு மாறுவாங்க, ஸ்லிப், அதாவது கரைச்ச மண்ணு, ஊத்தறதை இருபது நிமிஷத்துல பண்ணிட்டுப் போயிடலாம். சில பேர் சின்னச் சின்னத் துண்டுகளா செஞ்சு பெரிய இன்ஸ்டலேஷனா சேர்ப்பாங்க. எதையும் மாத்திக்க மாட்டேன்னு நிக்கிறவங்கதான் நாலஞ்சு வருஷத்துல கசந்துபோய் நீங்க பயப்படற இடத்துக்கு வந்து சேர்றாங்கன்னு நான் கவனிச்சிருக்கேன்.

முன்னாடி இருந்தவங்களைப் பார்த்தா இது இன்னும் தெளிவாகும். ஆனா அதுக்கு முன்னாடி, யூனிவர்சிட்டிக்குள்ள சூளை எப்படி வந்ததுன்னு ரெண்டு வரி சொல்லணும், இன்னைக்கு நடக்கிற சண்டை பலதுக்கும் வேர் அங்கதான் இருக்கு. அமெரிக்காவுல முதல்ல வந்தது கலை இல்ல, தொழில். 1894ல எட்வர்ட் ஆர்ட்டன் ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டில செராமிக்ஸ் படிப்பு ஆரம்பிச்சார், இன்னைக்கும் சூளைக்குள்ள சூட்டைப் பார்க்க நாம வைக்கிற கோன்ல இருக்கிறது அவர் பேருதான். 1900ல நியூயார்க் மாநிலத்துல ஆல்ஃபிரட்ல ஒரு செராமிக்ஸ் ஸ்கூல் வந்தது, முதல் டைரக்டர் சார்ல்ஸ் ஃபெர்கஸ் பின்ஸ், இங்கிலாந்துல வூஸ்டர் போர்சலின் கம்பெனியில வளர்ந்தவர். செங்கல், ஓடு, பைப் பண்ற தொழிலுக்கு ஆள் தயார் பண்ணத்தான் இதெல்லாம். அதே கூரைக்குக் கீழ பின்ஸ் மாதிரி ஆளுங்க பானை வனையறதையும் பாடமா ஆக்கினாங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் போர் வீரர்கள் படிக்க அரசாங்கம் பணம் கொடுத்த 1944 சட்டத்தால கலைப் படிப்புக்குக் கூட்டம் வந்தது, ஆர்ட் டிபார்ட்மென்ட்டுகள் பெருத்தது, அதுல செராமிக்ஸ் வாத்தியார்ங்கிற வேலையும் பெருகினது. அதாவது நீங்க ஆசைப்படற இந்த வேலை ரொம்பப் பழசு இல்ல, ஒரு குறிப்பிட்ட காலத்துல, ஒரு குறிப்பிட்ட காரணத்தால பெருகின வேலை. அந்தக் காலம் முடிஞ்சிடுச்சுங்கிறதையும் மனசுல வச்சுக்கணும், அதுக்குப் பின்னாடி வர்றேன்.

அமெரிக்க செராமிக்ஸ்ல பெரிய பேரான பீட்டர் வுல்க்கோஸும் அந்தச் சட்டத்தோட உதவியில படிச்சவர்தான். 1954ல லாஸ் ஏஞ்சலஸ்ல, பின்னாடி ஓட்டிஸ்னு பேர் மாறின காலேஜுல செராமிக்ஸ் டிபார்ட்மென்ட்ட ஆரம்பிச்சார், 1959ல பெர்க்லி (கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) போயிட்டார், அங்க 1985 வரைக்கும் இருந்தார். அவர் பாடம்னு தனியா எதுவும் எடுக்கலன்னே சொல்லலாம், மாணவர்கள் இருக்கிற அதே ரூம்ல தன் வேலையைப் பண்ணினார், ஜான் மேசன், கென் பிரைஸ், பால் சோல்ட்னர் எல்லாம் பக்கத்துலயே அவங்க வேலையைப் பண்ணினாங்க. டீச்சிங்கும் வேலையும் ஒரே நேரத்துல, ஒரே தரையில நடந்தது. இதைச் சொல்லி நிறைய பேர் நானும் அப்படித்தான் இருப்பேன்னு கிளம்பறாங்க. ஆனா அங்க ஒரு சிலர் மட்டும், எல்லாரும் பெரியவங்க, ராத்திரி பகலா திறந்திருக்கிற ஸ்டூடியோ. இன்னைக்கு ஒரு அறிமுக வகுப்புல இருபது பேர் இருப்பாங்க, பாதிப் பேர் கிரெடிட்டுக்காக வந்தவங்க, ஒவ்வொரு வாரமும் என்ன கத்துக் கொடுத்தீங்கன்னு சிலபஸ்ல எழுதிக் கொடுக்கணும். அந்த முறையை அப்படியே இங்க கொண்டுவர முடியாது.

எனக்கு இன்னும் உதவியா இருந்தது ரெண்டு பெண்களோட வாழ்க்கை. ஒருத்தர் மாயா க்ரோட்டெல், ஹெல்சிங்கியில பிறந்து 1927ல அமெரிக்கா போனவர், 1938ல இருந்து 1966 வரைக்கும் மிச்சிகன்ல க்ரான்புரூக் அகாடமில செராமிக்ஸ் பார்த்துக்கிட்டார். கிளேஸ் ஆராய்ச்சியில அவ்வளவு ஆழம் போனவர் குறைவு, ஜெனரல் மோட்டார்ஸ் டெக்னிக்கல் சென்டர் கட்டடத்துல இருக்கிற அந்தக் கலர் கலரான பளபளப்புச் செங்கலுக்குக் கிளேஸ் உருவாக்கினதுல அவர் பங்கு இருக்கு. கிளேஸ் டெஸ்ட்டுங்கிறது துண்டு துண்டா, குறிப்பெடுத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யக்கூடிய வேலை, அது டீச்சிங் வாழ்க்கையோட ஒத்துப்போற வேலை. இன்னொருத்தர் அவரோட மாணவி தோஷிகோ தகாயேசு, ஹவாயில பிறந்தவர், 1967ல இருந்து 1992 வரைக்கும் பிரின்ஸ்டன்ல சொல்லிக் கொடுத்தார். அவர் வனைஞ்சு வாயை அனேகமா மூடிட்ட உருவங்களைத்தான் வாழ்நாள் பூரா திரும்பத் திரும்பச் செஞ்சார், மூடறதுக்கு முன்னாடி சின்ன மண்ணு உருண்டையைக் காகிதத்துல சுத்தி உள்ள போட்டுடுவார், சூளையில காகிதம் எரிஞ்சிடும், அப்புறம் அசைச்சா உள்ள சத்தம் கேட்கும். ஒரே வடிவத்துக்குள்ள அவர் வருஷக்கணக்கா தங்கினார். புதுசு புதுசா தாவறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சூடு பிடிக்க நாள் வேணும், ஒரே கேள்வியோட இருக்கிறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் கிடைச்சாலும் நேரா உள்ள போயிட முடியும். இது என் கருத்து, அவர் அப்படிச் சொன்னதா எடுத்துக்காதீங்க.

வாரன் மெக்கென்சியையும் சொல்லணும், அன்றாடம் புழங்கற பாத்திரம் செய்யறவங்க இந்தக் கேள்வியைக் கேட்டா நான் அவரைத்தான் காட்டுவேன். இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்ல பெர்னார்ட் லீச்ங்கிற பேர்போன குயவர்கிட்ட கத்துக்கிட்டு வந்து, 1953ல இருந்து 1990 வரைக்கும் மினசோட்டா யூனிவர்சிட்டில இருந்தார். கிண்ணம், கப், தட்டு, இதைத்தான் ஆயிரக்கணக்குல செஞ்சார், யாரும் வாங்கற விலையில வித்தார். சம்பளம் இருந்ததாலதான் விலையை ஏத்தற கட்டாயம் இல்லாம இருந்ததுன்னு நான் நினைக்கிறேன். யூனிவர்சிட்டி வேலையால கிடைக்கிறதுல பெரிய விஷயமே இதுதான், உங்க பானை உங்களுக்குச் சோறு போடணும்னு அவசியம் இல்ல. லூசி ரீ, ஹான்ஸ் கோப்பர் மாதிரி இங்கிலாந்துல இருந்தவங்க வேற வழி, வாரத்துல கொஞ்சம் நேரம் மட்டும் கேம்பர்வெல் மாதிரி ஆர்ட் ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்துட்டு மிச்ச நேரம் சொந்த ஸ்டூடியோ. என்னைக் கேட்டா வேலைக்கும் வாழ்க்கைக்கும் அதுதான் ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு, ஆனா அந்தப் பகுதி நேர வேலை இன்னைக்குப் பல இடத்துல செமஸ்டருக்கு செமஸ்டர் புதுப்பிக்கிற, எந்தப் பாதுகாப்பும் இல்லாத அட்ஜங்க்ட் வேலையா மாறிப்போச்சு.

இப்ப வேலை கிடைக்கிறது பத்தி. இதுல உறுதியா சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கு. அமெரிக்காவுல ஸ்டூடியோ ஆர்ட்டுக்கு எம்எஃப்ஏதான் (நுண்கலை மாஸ்டர்ஸ்) கடைசிப் பட்டம், அது இருந்தா போதும். பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் இப்ப செய்முறையை அடிப்படையா வச்ச பிஎச்டி கேட்கிறது அதிகமாயிட்டு வருது. விண்ணப்பத்துல உங்க வேலையோட படங்கள் இருபது, உங்ககிட்ட படிச்சவங்க வேலையோட படங்கள் இருபது, எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்கன்னு ஒரு பக்கம், பரிந்துரைக் கடிதங்கள், இது அனேகமா எல்லா இடத்துலயும் வழக்கம். அந்த ரெண்டாவது இருபதுதான் இங்க முக்கியம், படிக்கும்போதே டீச்சிங் அசிஸ்டன்ட்டா இருந்து பிள்ளைங்க வேலையை அவங்க அனுமதியோட நல்லா படம் எடுத்து வைக்கலன்னா பின்னாடி எங்கயும் கிடைக்காது. கமிட்டில உட்கார்ந்து பார்க்கும்போது, எல்லா மாணவர்கள் வேலையும் வாத்தியார் வேலை மாதிரியே இருந்தா எனக்கு உடனே சந்தேகம் வரும். ஒவ்வொண்ணும் வேற வேற திசையில போயிருந்தா, இந்த ஆள் பிள்ளைங்க பேசறதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்னு தெரியும். அதோட உங்க போர்ட்ஃபோலியோல எவ்வளவு நல்ல வேலை இருந்தாலும், "சூளையோட எலிமென்ட் போச்சுன்னா மாத்தத் தெரியுமா, கேஸ் சூளையில காத்தைக் குறைச்சு ரிடக்‌ஷன் பண்ணத் தெரியுமா, வாங்கின பவுடர் மாறிப்போய் கிளேஸ் குழம்பிச்சுன்னா காரணம் கண்டுபிடிப்பீங்களா"ன்னு கேட்பாங்க. சின்ன டிபார்ட்மென்ட்ல டெக்னீஷியன் கிடையாது, நீங்கதான் அது. பட்டம் முடிச்ச உடனே நிரந்தர வேலை கிடைக்கிறது அபூர்வம், நடுவுல ரெசிடென்சி (ஒரு ஸ்டூடியோவுல கொஞ்ச காலம் தங்கி சொந்த வேலை பண்றது), பகுதி நேரம், ஒரு வருஷ வேலைன்னு சில வருஷம் போகும். மொன்டானாவுல ஆர்ச்சி ப்ரே ஃபவுண்டேஷன் மாதிரி இடங்கள் (1951ல ஆரம்பிச்சது, வுல்க்கோஸும் ரூடி ஆட்டியோவும்தான் அங்க முதல் ரெசிடென்ட்டுகள்) அந்த நடு வருஷங்களுக்குத்தான் ரொம்ப உதவும்.

உள்ள வந்த அப்புறம் மேல போறதுக்கு, மத்த டிபார்ட்மென்ட்ல ஆராய்ச்சிக் கட்டுரை எப்படியோ இங்க எக்சிபிஷன் அப்படி. தனிக் கண்காட்சிக்கு மதிப்பு அதிகம், நடுவர் தேர்ந்தெடுத்த குழுக் கண்காட்சி அடுத்தது, மியூசியம் வாங்கினது, பத்திரிகைல யாராவது எழுதினது, வெளி யூனிவர்சிட்டில போய் ஒர்க்‌ஷாப் எடுத்தது எல்லாம் சேரும். அமெரிக்க முறையில வழக்கமா ஆறாவது வருஷம் டெனூர், அதாவது வேலை நிரந்தரமாகுமா இல்லையாங்கிறது, முடிவாகும், அதுக்கு வெளியில இருந்து ஆளுங்க உங்க வேலையைப் பத்தி எழுதிக் கொடுப்பாங்க. இதுல ஒரு ஆபத்து இருக்கு, கவனமா இருங்க. பட்டியல் நீளணும்னு வருஷத்துக்குப் பல கண்காட்சிக்கு அனுப்ப ஆரம்பிச்சா, உடையாம பேக் பண்றதும் படிவம் நிரப்பறதுமே வேலையாயிடும், அதோட பார்சல்ல அனுப்ப வசதியா இருக்கிற மாதிரி உங்க வேலை மெதுவா சின்னதாயிடும். நீங்க அதைக் கவனிக்கக்கூட மாட்டீங்க.

சூளை ரூம் பத்தி தனியா சொல்லணும், இந்த வேலையோட இதயம் அதுதான். மாணவர்களோட பங்குபோட்டுச் சுடற சூளையில உங்க வேலையை வைக்கலாமா வேண்டாமாங்கிறது சாதாரணக் கேள்வி இல்ல. யாரோ ஒருத்தர் ஒண்ணரை இஞ்ச் தடிமனுக்கு ஒரு தலை செஞ்சு, வெளிய காஞ்சிடுச்சேன்னு பிஸ்க்குக்கு, அதாவது கிளேஸ் பூசறதுக்கு முன்னாடி சுடற முதல் சூட்டுக்கு, கொடுத்துடுவாங்க. உள்ள ஈரம் இருக்கும், நூறு டிகிரி தாண்டும்போது அது நீராவியா மாறும், தண்ணி ஆவியானா கொள்ளளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல பெருகும், வெளிய போக வழி இல்லாம வெடிக்கும். சூளைக்குள்ள அந்த அடுக்குத் தட்டுல இருந்த அத்தனை பேர் வேலையிலயும் சில்லு தெறிச்சிருக்கும். கன்னத்துல வச்சுப் பார்த்தா சில்லுன்னு இருக்கிற பானை இன்னும் காயலன்னு சொல்லிக் கொடுப்போம், அப்பவும் நடக்கும். இன்னொண்ணு, ஒருத்தர் குரோம் போட்ட பச்சைக் கிளேஸை வச்சிருப்பார், அதுக்குப் பக்கத்துல நீங்க டின் (வெள்ளீயம்) போட்ட வெள்ளைக் கிளேஸை வச்சிருப்பீங்க, சூட்டுல குரோம் கொஞ்சம் ஆவியாகி உங்க வெள்ளையில ஒரு பக்கம் ரோஸ் படிஞ்சிருக்கும். யார் மேலயும் தப்பு இல்ல, ஆனா கண்காட்சிக்கு வச்சிருந்த துண்டு போயிடும். சூளையை அடுக்கறதே ஒரு பாடம்னு நான் நினைக்கிறேன், எதை எதோட பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சவங்களுக்குக் கிளேஸ் கெமிஸ்ட்ரி பாதி புரிஞ்சாச்சு. 573 டிகிரியில குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாத்திக்கும், அந்த இடத்துல சூளையை அவசரமா ஆறவிட்டா பெரிய தட்டு பிளக்கும், இதை புத்தகத்துல படிச்ச யாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்ல, பிளந்த தட்டைக் கையில எடுத்துப் பார்த்தவங்களுக்கு மறக்கறதே இல்ல.

ஆரோக்கியம் பத்தி சந்தேகத்துக்கு இடமே இல்லாம சொல்றேன், ஏன்னா வருஷக்கணக்கா அதே ரூம்ல இருக்கப்போறது மாணவர்கள் இல்ல, நீங்க. காஞ்ச மண்ணுத்தூசியில சிலிக்கா இருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலுக்குள்ள போய் சிலிகோசிஸ் வரும், அது வந்தா திரும்பாது, புற்றுநோய் அபாயமும் உண்டு. ஸ்டூடியோ தரையைக் காஞ்ச துடைப்பத்தால கூட்டவே கூடாது, ஈரத்துணி, இல்ல ஹெப்பா ஃபில்டர் வச்ச வேக்குவம். கிளேஸ் பவுடர் கலக்கும்போது பொருத்தமான ரெஸ்பிரேட்டர், துணி மாஸ்க் போதாது. சூளைப் புகை வெளிய போக வென்ட் கண்டிப்பா வேணும். முதுகும் மணிக்கட்டும் அடுத்தது, இருபத்தஞ்சு கிலோ மண்ணு மூட்டையைத் தூக்கறதும் பிசையறதும் இருபது வயசுல ஒண்ணும் தெரியாது.

இப்ப சந்தேகமான விஷயங்களுக்கு வர்றேன். சொல்லிக் கொடுக்கிறது நம்ம வேலையை வளர்க்குமா? எல்லாரும் ஆமான்னு சொல்லுவாங்க, இன்டர்வியூல சொல்லியே ஆகணும். நான் ஒரு பகுதிதான் ஒத்துக்குவேன். கை தானா பண்றதை வாயால சொல்ல வேண்டி வரும்போது நமக்கே புரியாம இருந்தது புரியும், அது நிஜம். ஆனா ஒரு நாள் பூரா இருபது பேரோட அரைகுறை வேலையைப் பார்த்து, ஒவ்வொண்ணுலயும் அடுத்து என்ன பண்ணலாம்னு யோசிச்சிட்டு வந்தா, நம்ம வேலைக்கு முன்னாடி உட்காரும்போது அதே யோசிக்கிற சக்திதான் தீர்ந்துபோயிருக்கும். உடம்பு அலுப்பை விட இது பெருசு. சில பேருக்கு இது பரவாயில்ல, சில பேருக்கு இது தாங்கவே தாங்காது, முன்கூட்டிச் சொல்ல வழி இல்ல, ஒரு வருஷம் பகுதி நேரமா பண்ணிப் பார்த்தாதான் தெரியும். யூனிவர்சிட்டி பேர் இருந்தா கேலரில மதிப்பு கூடுமாங்கிறதும் அப்படித்தான், கூடினவங்களையும் பார்த்திருக்கேன், "இவர் வாத்தியார்"னு ஒதுக்கப்பட்டவங்களையும் பார்த்திருக்கேன்.

எதிர்காலம் பத்தி நல்ல செய்தி மட்டும் சொன்னா அது உங்களுக்குப் பண்ற துரோகம். இடம் நிறைய வேணும், கரண்ட், கேஸ் செலவு அதிகம், மாணவர் எண்ணிக்கை குறைவு, இந்த மூணு காரணத்தால நிர்வாகத்தோட கண்ணு முதல்ல செராமிக்ஸ் மேலதான் விழும். பிரிட்டன்ல 2000க்கு அப்புறம் பேர்போன செராமிக்ஸ் டிகிரிகள் ஒண்ணு ஒண்ணா மூடினாங்க, அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2017ல ஸ்டோக்ல கிளே காலேஜ் மாதிரி யூனிவர்சிட்டிக்கு வெளிய பயிற்சி இடங்கள் வந்தது. ஆச்சரியம் என்னன்னா அதே காலத்துல மண்ணு வேலை கத்துக்கணும்னு வர்ற சாதாரண மக்கள் கூட்டம் பல நாட்டுல பெருகிடுச்சு, வாரக் கடைசி வகுப்புகளுக்குக் காத்திருப்புப் பட்டியல் இருக்கு. அதனால சொல்லிக் கொடுக்கிற வேலைங்கிறது யூனிவர்சிட்டி மட்டும் இல்ல. ஆனா ஒண்ணு, யூனிவர்சிட்டி கொடுக்கிற ஒரு சுதந்திரம் வேற எங்கயும் கிடைக்கல. ஒரு பொருளை மட்டும் மாத்திக்கிட்டே போற வரிசை டெஸ்ட், மூணு பொருளை முக்கோணமா கலந்து இருபத்தொரு டைல் எடுக்கிற டெஸ்ட், இதையெல்லாம் ஒரு வருஷம் முழுக்கப் பண்ணி, விக்கிற மாதிரி ஒரு பானைகூட வராம இருந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க, அது ஆராய்ச்சின்னு கணக்குல வரும். சொந்த ஸ்டூடியோ வச்சு விக்கிறவங்களால இதைப் பண்ண முடியாது. ஒரு சதவீதம் இரும்பு சேர்த்த கிளேஸ் ரிடக்‌ஷன்ல செலடான் பச்சையாகும், செம்பு சேர்த்தது சாதாரண எலக்ட்ரிக் சூளையில பச்சையா வந்து ரிடக்‌ஷன்ல ரத்தச் சிவப்பா மாறும், இது எல்லா புத்தகத்துலயும் இருக்கு, ஆனா உங்க மண்ணுல உங்க சூளையில அந்தச் சிவப்பு ஏன் ஓரத்துல மட்டும் வெளுக்குதுன்னு கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தை இந்த வேலை கொடுக்குது. என்னை இத்தனை வருஷம் இங்க நிறுத்தி வச்சது சம்பளம் இல்ல, அதுதான்.

அதனால நான் சொல்றது, முதல்ல உங்க போன வருஷ வேலையை எடுத்துப் பாருங்க, அதுல எதெல்லாம் நடுவுல ரெண்டு நாள் விட்டுட்டுத் திரும்பி வந்து தொடர்ந்திருக்க முடியும், எதெல்லாம் முடியாதுன்னு பிரிங்க. முடியாததுதான் உங்களுக்கு உயிர்னா, முழு நேர வேலைக்கு உடனே போகாதீங்க, ரெசிடென்சி, பகுதி நேரம்னு கொஞ்ச வருஷம் இருங்க. முடியறது நிறைய இருந்தா தைரியமா விண்ணப்பம் போடுங்க. இன்டர்வியூ போற இடத்துல அவங்க உங்களைக் கேட்கிறதோட நீங்களும் கேளுங்க. சூளையை யார் ரிப்பேர் பண்றாங்க, டெக்னீஷியன் இருக்காரா, லீவுல ஸ்டூடியோவும் சூளையும் எனக்குத் திறந்திருக்குமா, வாத்தியாருக்குத் தனி ரூம் உண்டா, என் சொந்த வேலைக்கு மண்ணு யார் வாங்கறது, ஒரு செமஸ்டருக்கு எத்தனை வகுப்பு, எல்லாம் ஒரே நாள்ல வருமா இல்ல வாரம் பூரா சிதறி இருக்குமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோணாது, ஆனா ரெண்டு நாள்ல அடைச்சுக் கொடுத்த டைம்டேபிளும் அஞ்சு நாள்ல பரப்பின டைம்டேபிளும் மண்ணு வேலை செய்யறவங்களுக்கு ரெண்டு வேற வேற வேலை. முடிஞ்சா சூளை ரூமுக்கு நேரா போய்ப் பாருங்க, சூளைத் தட்டெல்லாம் சுத்தமா, கிளேஸ் ஒட்டாம இருக்க கில்ன் வாஷ் போட்டு அடுக்கியிருக்கா, தரையில வெள்ளையா தூசி படிஞ்சிருக்கா, லாக் புக் இருக்கா, அதுல கடைசியா யார் என்னைக்கு எழுதியிருக்காங்கன்னு பாருங்க. அந்த டிபார்ட்மென்ட்ட யார் கவனிக்கிறாங்க, கவனிக்கிறாங்களாங்கிறது அதுலயே தெரிஞ்சிடும்.

நீங்க என்ன மாதிரி வேலை செய்யறீங்கன்னு கேள்வியில எழுதல. வனையறதா, கையால கட்டறதா, அச்சா, எந்த சூட்டுல சுடறீங்க, ஒரு துண்டு ஆரம்பிச்சு முடிய எத்தனை நாள் ஆகுதுன்னு எழுதுங்க, அதை வச்சு இன்னும் குறிப்பா சொல்றேன்.